குடும்பத்துக்கு எஸ்.யூ.வி. வாங்கும்முன் உள்ளே இடம் அளப்பது எப்படி?

ஐந்து பேர் வண்டி என்று எழுதியிருந்தால் ஐந்து பேர் உட்காரலாம், சரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் போக முடியுமா என்பதைக் கேட்லாக் சொல்லாது, நாம்தான் அளந்து பார்க்க வேண்டும். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா: இந்த ஐந்து பேருக்கு நடுத்தர அளவு எஸ்.யூ.வி. தேடியபோது நான் கடைப்பிடித்த முறை இது.

ஒரு தையல் டேப், ஒரு ஸ்டீல் டேப், ஊருக்குப் போனால் தூக்கிக்கொண்டு போகும் பெட்டிகள், அப்புறம் வீட்டு ஆட்கள் எல்லோரும் வேண்டும். வண்டிக்குள் தையல் டேப்தான் சிறந்தது. மெத்தையின் வளைவோடு படியும், எதையும் கீறாது. ஸ்டீல் டேப்பை வீட்டு வாசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் வாசலை அளங்கள்

கேட், நிறுத்தும் இடம், தெருவில் மிகக் குறுகலான பகுதி, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் தரும் அகலத்தில் பொதுவாகப் பக்கக் கண்ணாடிகள் சேராது. ஹூண்டாய் க்ரெட்டா 1790 மி.மீ. அகலம், மஹிந்திரா எக்ஸ்யூவி700 1890 மி.மீ. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கத்துச் சந்துகளில் இருப்பவர்களுக்கு இந்த 10 செ.மீ. சின்ன விஷயமில்லை. வண்டி நின்ற பிறகு பின்கதவு நன்றாகத் திறக்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வயதானவர்கள் இறங்குவது அதை வைத்துத்தான்.

படி 2: கேட்லாக் எண்களை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள்

க்ரெட்டாவின் நீளம் 4330 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2610. ஸ்கோடா குஷாக் 4225 மி.மீ.தான், ஆனால் வீல்பேஸ் 2651. இதை மட்டும் பார்த்தால் குஷாக்கில் பின்னால் இடம் அதிகம் என்று தோன்றும். கால் நீட்ட நல்ல இடம் உண்டு, உண்மைதான். ஆனால் அகலம் 1760, தரையின் நடுவில் மேடு வேறு. நடுவில் உட்காருபவர் காலை எங்கே வைப்பார்? நான்கு பேர் குடும்பத்துக்குத் தாராளமாகச் சொல்வேன், ஐந்து பெரியவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

படி 3: உங்கள் சீட்டுக்குப் பின்னால் நீங்களே உட்காருங்கள்

எல்லோரும் தவறவிடும் இடம் இது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள். பின்சீட்டைக் காட்டும்போது முன்சீட் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நன்றாக முன்னால் தள்ளி வைத்திருந்தால் எந்த வண்டியும் அரண்மனை மாதிரிதான் தெரியும்.

முதலில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சரிசெய்யுங்கள். சீட்டின் உயரத்தையும் நீங்கள் ஓட்டும் அளவுக்கு வையுங்கள். இந்த உயரம் முக்கியம்: சீட்டை இறக்கினால் அதன் அடியில் பின்னால் இருப்பவர் பாதம் நுழைய இடம் இருக்காது. பாதம் நுழையாவிட்டால் முழங்கால் மேலே தூக்கும், தொடை மெத்தையில் படியாது. மலை ஏறி இறங்குவதற்குள் இடுப்பு வலிக்கும்.

இனி எதையும் நகர்த்தாமல் பின்னால் போய் உட்காருங்கள். முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது, பாதம் உள்ளே போகிறதா, தொடை முழுதும் மெத்தையில் படிகிறதா என்று பாருங்கள். நான் நான்கு விரலுக்குக் குறைந்தால் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். பனோரமிக் சன்ரூஃப் (கூரையில் பெரிய கண்ணாடி) இருந்தால் தலைக்குமேலும் கை வையுங்கள், அந்த அமைப்பு கூரையில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 4: பின்சீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து கதவைச் சாத்துங்கள்

பத்து நிமிடமாவது இறங்காமல் பேசிக்கொண்டிருங்கள். நடுச்சீட்டுக்குத் தலைசாய்ப்பும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் கட்டாயம் வேண்டும். வளைவில் பிடித்துக்கொள்ள அம்மாவுக்குக் கைப்பிடி எட்டுகிறதா? ஏறும்போது புடவை தடுக்காமல் கால் வைக்க முடிகிறதா? அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போகாமல் முடிவெடுக்காதீர்கள்.

படி 5: டிக்கி

லிட்டர் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கிக் கணக்கிடும் முறை உண்டு, மூலைமுடுக்கெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவதும் உண்டு. பெட்டிகளை நீங்களே வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் வித்தியாசம் உண்டு: மாருதி கிராண்ட் விடாராவில் 373 லிட்டர், அதே வண்டியின் ஸ்ட்ராங் ஹைப்ரிடில் (பெட்ரோலோடு மின் மோட்டாரிலும் ஓடும் வகை) பேட்டரி பின்னால் இருப்பதால் 265 லிட்டர். மே மாதம் மல்கோவா பெட்டிகளோடு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. மைலேஜுக்காக அதை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, தெரிந்து வாங்குங்கள்.

மூன்று வரிசை வண்டிகளில் கடைசிச் சீட்டை விரித்தபடியே பெட்டியை வையுங்கள். ஹூண்டாய் அல்கசாரில் அப்போது 180 லிட்டர்தான். மலைப்பாதையில் தலைசுற்றும் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

பிறகு சேர்த்தது: கைக்குழந்தை இருக்கை பற்றி அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத விட்டது. குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் பின்சீட்டின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். அங்கே குழந்தை இருக்கையை மாட்டினால் நடுவில் பெரியவர் உட்காருவது கஷ்டம். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் வகை என்றால் அதற்கு முன்னால் உள்ள சீட்டையும் நகர்த்த வேண்டிவரும். அதனால் வீட்டிலுள்ள குழந்தை இருக்கையையும் ஷோரூமுக்கு எடுத்துப்போங்கள். இடப்பக்கம் பின்னால் மாட்டிவிட்டு, முன்னால் உங்கள் வீட்டில் உயரமானவரை உட்கார வையுங்கள்.