வேலை, வட்டி, வாலட்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வேலையின்மை விகிதம் குறைந்தது என்று செய்தி வந்தால், நிறையப் பேருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறோம். நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, ஒருவர் வேலையில்லாதவர் கணக்கில் வர மூன்று நிபந்தனைகள் உண்டு. கையில் வேலை இருக்கக்கூடாது. கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். அண்மையில் வேலை தேடியிருக்கவும் வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர், "கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா?" என்று கேட்பார். எட்டு மாதம் விண்ணப்பம் அனுப்பி அலுத்துப்போய், இந்த மாதம் மட்டும் எதுவும் அனுப்பாத ஒருவர் "இல்லை" என்கிறார். அவ்வளவுதான், கணக்கிலிருந்து விழுந்துவிட்டார். வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர் என எல்லாருமாகச் சேர்த்து 100 பேர் என்று வையுங்கள். அதில் 10 பேருக்கு வேலை இல்லை என்றால் விகிதம் 10 சதவீதம். அந்தப் பத்துப் பேரில் நால்வர் மனம் ஒடிந்து தேடுவதை நிறுத்தினால், 96 பேரில் 6 பேர் என்றாகி விகிதம் 6.25 சதவீதத்துக்கு இறங்கும். ஒருவருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை, ஆனால் நிலைமை தேறிவிட்டது என்று செய்தி வரும். இன்னொன்று, அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான்.

நிலைமை உண்மையிலேயே தேறும்போது இதே கணக்கு தலைகீழாகவும் போகும். சோர்ந்து உட்கார்ந்தவர்கள் நம்பிக்கை வந்து மறுபடி தேட ஆரம்பிப்பார்கள், விகிதம் ஏறும். அதனால் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும், அதாவது வேலை செய்யும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள் என்பதையும், பக்கத்தில் வைத்துப் படிக்காமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, நாட்டின் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் மத்திய வங்கிக்கு வருவோம். விலைவாசி ஏறுவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் வேலைவாய்ப்பு பெருகும் என்று இன்றும் பலர் உறுதியாகப் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு வேர் பொருளியலாளர் பிலிப்ஸ் 1958இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனின் பழைய புள்ளிவிவரங்களில், வேலையின்மை குறைந்த காலங்களில் கூலி வேகமாக உயர்ந்ததை அவர் காட்டினார். அதையே ஒரு பேரம்போல எடுத்துக்கொண்டதுதான் பிழை. 1970களில் பல நாடுகளில் விலையும் ஏறியது, வேலையும் போனது. அமெரிக்காவில் பால் வோல்க்கர் 1979இல் மத்திய வங்கித் தலைவரானபின், விலையேற்றத்தை அடக்க எடுத்த முயற்சியில் குறுகிய கால வட்டி ஏறத்தாழ 20 சதவீதம்வரை போனது. பணவீக்கம் அடங்கியது உண்மை. ஆனால் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் மூடிய தொழிற்சாலைகளும் தவணை கட்ட முடியாத குடும்பங்களும் இருந்தன. வட்டியை உயர்த்துவது வலிக்காத மருந்து என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அதன் முழு விளைவு தெரிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், போன மாத முடிவை இந்த மாத வேலை நிலவரத்தோடு முடிச்சுப் போடுவதும் பொருந்தாது.

எல்லா மத்திய வங்கிக்கும் ஒரே கடமை என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்க மத்திய வங்கிக்கு விலை நிலைத்தன்மை, வேலைவாய்ப்பு இரண்டையும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கிக்கு விலை நிலைத்தன்மைதான் முதல் கடமை. குறை சொல்லுமுன் இதைப் பார்த்துவிடுவது நியாயம்.

அப்புறம், கையில் இருக்கும் பணம். வேலை போனவருக்கு ஆறு மாதச் செலவுக்கான சேமிப்புதான் பிடிமானம். அது வாலட் செயலியில் கிடந்தாலும் வங்கிக் கணக்கில் கிடந்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பது ஆபத்தான தவறு. வங்கி டெபாசிட்டுக்குப் பல நாடுகளில் காப்பீடு உண்டு, அமெரிக்காவில் 2,50,000 டாலர்வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,00,000 யூரோவரை. வாலட் இருப்புக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. 2024இல், செயலிகளையும் வங்கிகளையும் இணைத்துவந்த சினாப்ஸ் என்ற அமெரிக்க இடைநிலை நிறுவனம் திவாலானபோது அதன் பதிவேடும் வங்கிகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. செயலிகளை நம்பிச் சேமித்த ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். பணம் யார் பெயரில், எந்த வங்கியில், எந்தக் காப்பீட்டில் இருக்கிறது என்று கேட்காமல் பெரிய தொகையைச் செயலியில் விடாதீர்கள்.

வங்கி வாசலில் கூட்டம் இல்லையே, அப்படியானால் பயமில்லை என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. 2007இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி முன்னால் பணத்தை எடுக்க வரிசை நின்றது. 2023 மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள், பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, இணையம் வழியாக.

உடனடிப் பரிமாற்றத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. இந்தியாவின் யூபிஐ 2016இல் வந்தது, பிரேசிலின் பிக்ஸ் 2020இல், அமெரிக்காவின் ஃபெட்நவ் 2023இல். நொடிகளில் பணம் போய்ச் சேர்கிறது, போனது பெரும்பாலும் திரும்பாது. காசோலையைப்போல நிறுத்திவைக்க அவகாசம் கிடையாது. வேலை தேடுகிறவரைக் குறிவைக்கும் மோசடிக்கு இது வாகாகிவிட்டது. நேர்காணல் முடிந்தது, ஆணை தயார், பதிவுக் கட்டணம் மட்டும் இன்றைக்குள் அனுப்புங்கள் என்று செய்தி வரும். ரகசிய எண்ணை அழுத்துமுன் திரையில் பெறுபவர் பெயர் தெரிந்தால் அதைப் படியுங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் முன்பின் தெரியாத ஒரு தனி ஆளின் பெயர் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். வேலை தருகிறவர் சம்பளம் கொடுக்க வேண்டியவர், அவர் கேட்கிற எந்தக் கட்டணத்தையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தகவல் போனால்தான் முடக்கிவைக்க வாய்ப்பு.