பாலாற்று மணலில் பழகிவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்

வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், கடலோரம் யூர்ட் கூடாரத்தில் இரண்டு நாள் தங்கிப் படித்துவிட்டு வர நினைப்பவர்களுக்குப் பயணம் ஒரு சிரமமே இல்லை. சிரமம் தருபவை மணலும் உப்புக்காற்றும்தான்.

யூர்ட் என்பது மங்கோலியா, கிர்கிஸ்தான் மேய்ச்சல்காரர்களின் வட்ட வீடு. கடை வாசலில் இருக்கும் மடக்குக் கதவைப் போல விரிந்து சுருங்கும் மரச்சட்டமே அதன் சுவர். உச்சியில் ஒரு திறந்த வளையம் இருக்கும். குளிருக்காக அவர்கள் ஆட்டுரோமத்தை அடித்துச் செய்த கம்பளத்தைப் போர்த்துகிறார்கள். நம் வெயிலில் அது அடுப்பாகிவிடும். ஆகவே இடம் பதிவு செய்யும்போதே, போர்வை கான்வாஸ் துணியா, உச்சி திறக்குமா, சுவர்த் துணியை அடியில் ஒரு முழம் சுருட்டிவிட முடியுமா என்று கேட்டுவிடுங்கள். அடியில் காற்று நுழைந்தால்தான் உள்ளே தேங்கிய சூடு உச்சி வழியாக வெளியேறும்.

சொந்தக் கூடாரமாக இருந்தால், ஊராரிடமும் காவல் நிலையத்திலும் கேட்ட பிறகே அடிக்க வேண்டும். சாதாரண முளை மணலில் நிற்காது. கோணிப்பையில் மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். இதை வீட்டுக்குப் பக்கத்தில், வறண்ட பாலாற்று மணலில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. (நமக்குத் தண்ணீர் காட்டாத அந்த ஆறும் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே அதே கடலில்தான் போய்ச் சேருகிறது.) அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் கூடுதலாக ஏறும் என்பதால், அலை ஒதுக்கிய கிளிஞ்சல் வரிசையைவிட நன்கு மேலே தள்ளியே இடம் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழையும் புயலும் வரும் காலம், போகவே வேண்டாம்.

புத்தகம் இரண்டு போதும். நூலகப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். ஈரக்காற்றில் தாள் நெளிந்துவிடும். பசையால் ஒட்டிய புத்தகத்தை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவதும் தவறு. நான் அப்படி விட்ட ஒரு நாவல், மணலில் விரித்ததும் பதினாறு பதினாறு பக்கமாகக் கையோடு வந்தது. தையல் போட்ட கட்டு தாங்கும். படிக்காத நேரத்தில் மூடியிறுக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மணல் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

இரவுப் படிப்புக்கு ஒரே நிபந்தனை. ஜனவரி முதல் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. பொரிந்த குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நாடுவதால், நம் விளக்கைக் கண்டால் வழி தவறிக் கரைப்பக்கம் வந்துவிடும். கடலை நோக்கிய சுவர்த் துணியை இறக்கிக் கட்டிவிட்டு, ஒளி தாளின் மேல் மட்டும் விழும்படி சிறிய விளக்கைப் புத்தகத்திலேயே செருகிக்கொள்ளுங்கள்.