டேஷ்போர்டில் ஆக்ஸ் ஜாக் வைக்கிறீர்களா? செய்யக்கூடாதவை இவை

பழைய காரில் ஆக்ஸ் ஜாக் (போன் பாட்டை ஒயர் வழியாக ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும் துளை) வைக்கலாம் என்று தோன்றியதும் பலர் முதலில் தேடுவது டிரில்லிங் மெஷினை. டேஷ்போர்டில் ஓட்டை போடுவது இந்த வேலையில் கடைசிக் கட்டம். முதலில் ஸ்டீரியோ செட்டை வெளியே இழுத்து, பின்பக்கத்தில் சிக்னல் உள்ளே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆக்ஸ் இன்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் (பழைய டிவியின் பின்னால் இருப்பது போன்ற வட்ட சாக்கெட்) இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதே நிறத்தில், அதே வடிவில் பக்கத்திலேயே 'ப்ரீ அவுட்' சாக்கெட்டும் இருக்கும். அது வெளி ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை அனுப்பும் வழி. அதில் போனைச் செருகிவிட்டு 'செட் போச்சு' என்று கவலைப்படுபவர்கள் உண்டு.

காரோடு வந்த செட்டில் சிடி சேஞ்சருக்கான (பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டி) கப்ளர் இருக்கலாம். அதில் இரண்டு ஒயரை நேரடியாகச் சொருகினால் பெரும்பாலும் சத்தம் வராது. சேஞ்சர் இருப்பதாக செட் உணர்ந்தால்தான் அந்த வழி திறக்கும். அதற்கென்று அந்தந்தக் காருக்குத் தனி அடாப்டர் தேவை.

எந்த வழியும் இல்லையென்றால் சிலர் செட்டையே பிரித்துவிடுகிறார்கள். கேசட்டைப் படிக்கும் டேப் ஹெட்டிலிருந்து வரும் ஒயரில் போன் சிக்னலைச் சேர்த்து சால்டர் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஹெட் தருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. போன் தருவதோ அரை வோல்ட் அளவுக்குப் போகும். ஹெட்டுக்கு அடுத்துள்ள ப்ரீஆம்ப் அந்த மெல்லிய சிக்னலைப் பல நூறு மடங்கு பெருக்குவதோடு, டேப்புக்கு ஏற்றபடி பேஸை ஏற்றி டிரெபிளை இறக்கும். போன் பாட்டு அதன் வழியாகப் போனால் கரகரப்பும் அமுங்கிய சத்தமும்தான் மிஞ்சும். சேர்க்க வேண்டிய இடம் ப்ரீஆம்புக்கு அப்புறம், வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால். சர்க்யூட் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் கேசட் வடிவ அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். சிடி மட்டும் உள்ள செட் என்றால், என்னைக் கேட்டால், ஆக்ஸ் உள்ள வேறு செட்டையே மாட்டிவிடலாம். பழைய செட்டின் மேல் பாசம் இருந்தால் அது வேறு கதை.

செட்டையே காலி செய்யக்கூடியது ஸ்பீக்கர் ஒயரில் கை வைப்பது. 'பாட்டு இதன் வழியாகத்தானே போகிறது, இதிலேயே சேர்த்தால் என்ன?' என்று தோன்றும். வெளியில் வாங்கும் செட்டுகளில் வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகளாக வருபவை ஸ்பீக்கர் ஒயர்கள். இவற்றில் கறுப்புக் கோடு போட்டது நெகடிவ். இந்த நெகடிவ் ஒயர், எர்த் (கார் பாடியோடு சேர்ந்த இணைப்பு) கிடையாது. இன்றைய கார் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் பேட்டரி வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதி, அதாவது 6 வோல்ட் நிற்கும். ஜாக்கின் எர்த்தை அதோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் ஐசி (சிப்) எரியலாம், போனும் கெடலாம்.

எல்லாம் சரியாக மாட்டியும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் 'ங்ஙீ' சத்தம் சில கார்களில் வரும். உடனே செட்டைக் குறை சொல்லாதீர்கள். சிகரெட் லைட்டர் சார்ஜரிலிருந்து போனைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் எர்த் லூப். சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னோர் எர்த் என்று இரண்டு பாதை உண்டாகி, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டில் கலக்கிறது. சத்தத்தை நிறுத்த ஆக்ஸ் ஒயரின் எர்த்தை வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் பாட்டும் ஒழுங்காக வராது. இடையில், இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடை வீதிகளில் கிடைக்கும். உலோகக் கழுத்துள்ள ஜாக்கை உலோகத் தகட்டில் முடுக்கினாலும் இதே சிக்கல் வரலாம் என்பதால் பிளாஸ்டிக் உடல் ஜாக் நல்லது.

ஜாக்கிலிருந்து செட் வரை ஷீல்டு ஒயர் (இரைச்சல் புகாமல் மேலே உலோகப் பின்னல் சுற்றியது) போடுங்கள், அதையும் பவர் ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நுனியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மதியம் பூட்டி நிறுத்திய காரில் டேப்பின் பசை இளகி நழுவிவிடும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றாமல் இதில் எதையும் தொடக்கூடாது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் ரகசிய எண் (ரேடியோ கோட்) கேட்கும் செட் என்றால் அந்த எண்ணை முன்பே எடுத்து வையுங்கள். ஏர்பேக் உள்ள காரில் டெர்மினலைக் கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்திருங்கள். அப்போதும் ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.

இப்போது டிரில்லிங் மெஷினை எடுக்கலாம். பாடவைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்டை போட வேண்டும், அதுவும் பின்னால் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு. பல ஜாக்குகளின் மரை குட்டையாக இருக்கும். தடித்த பிளாஸ்டிக்கில் அது எட்டாமல் நட்டு பிடிக்காது; உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். கப் ஹோல்டர் பக்கத்தில் வைத்தால் ஒருநாள் காபி உள்ளே போகும்.

போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் ஐபோன் 7 அதைக் கைவிட்ட பிறகு பல போன்களிலும் அது இல்லை. டைப்-சி அடாப்டர் வாங்கும்போது உள்ளே டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் சிப்) இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். டிஏசி இல்லாதது சில போன்களில் ஊமையாகிவிடும். பாடவிடும்போது போனின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மீதியை செட்டில் கூட்டுங்கள். போனில் குறைத்து செட்டில் முழுக்க ஏற்றி வைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும், ரேடியோவுக்கு மாற்றும்போது காதும் கிழியும்.