ஆர்சி522 றீடரை ஆர்டுயினோவோடை கொழுவுறது எப்பிடி, புரோகிராமைத் தொட முதல் என்ன பாக்கோணும்

போன மாதம் அக்காவின்ர மகன் வந்து நிண்டான், "மாமா, காட்டை வைச்சா ஒண்டும் வருகுதில்லை, புரோகிராம் பிழை போல கிடக்கு, ஒருக்கா பாருங்கோ" எண்டு. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆர்டுயினோ எண்ட, புரோகிராம் ஏத்தி ஓட்டுற சின்னப் போர்ட்டை வைச்சு வரவு பதியுற மெசின் செய்யினமாம். லாப்டொப்பைத் திறந்து புரோகிராமைக் காட்டுறான், நான் அதைப் பாக்கேல்லை, முதல் காட் வாசிக்கிற ஆர்சி522 றீடரைத் தான் கையிலை எடுத்தன். எட்டுப் பின்னும் (வயர் கொழுவுற கம்பிக்கால்) ஓட்டைக்குள்ளை சும்மா செருகிக் கிடக்கு, ஒரு துளி ஈயம் இல்லை. மூண்டு நாளா பெடியள் புரோகிராமை மாத்தி மாத்தி எழுதியிருக்கினம், பாவங்கள்.

நான் கண்ட அளவிலை இந்தச் சாமானிலை வாற கரைச்சல் முக்கால்வாசியும் ஈயத்திலையும் கரண்டிலையும் தான். அதாலை அந்த ஒழுங்கிலையே சொல்லுறன்.

வாங்கேக்கை கவனிக்கவேண்டியது ஒண்டு தான். ஆர்சி522 எண்டு விக்கிற நீலப் போர்ட்டிலை இருக்கிறது என்எக்ஸ்பி கொம்பனியின்ர எம்எஃப்ஆர்சி522 சிப், அது 13.56 மெகாஹேட்ஸிலை தான் வேலை செய்யும். போர்ட்டோடை வழக்கமா ஒரு வெள்ளைக் காட்டும் ஒரு நீலக் கீ டேக்கும் வரும், அது ரெண்டும் சரி. ஆனா பழைய ஒஃபிஸ் கதவுகளுக்குப் பாவிக்கிற 125 கிலோஹேட்ஸ் காட்டைக் கொண்டுவந்து இதிலை தேய்ச்சா விடியும் மட்டும் தேய்க்க வேண்டியது தான், அதுக்கு ஆர்டிஎம்6300 மாதிரி வேறை றீடர் வேணும். எந்தக் காட் எண்டு தெரியாட்டி என்எஃப்சி இருக்கிற ஃபோனுக்குப் பின்னாலை வைச்சுப் பாருங்கோ, ஃபோன் சத்தம் போட்டால் அது 13.56.

இனி ஈயம். பெட்டிக்குள்ளை நேரான பின் ஒரு வரிசையும் வளைஞ்ச பின் ஒரு வரிசையும் தனியாக் கிடக்கும், ஒண்டை எடுத்து நீங்கள் தான் சோல்டர் பண்ணோணும். செருகினாக் காணும், முட்டிக்கொண்டு தானே நிக்குது எண்டு நினைக்காதையுங்கோ, முட்டினாலும் ஒருக்கா வரும் ஒருக்கா வராது, அது வராமலே இருக்கிறதை விட மோசம், ஏனெண்டால் அப்ப தான் நீங்கள் புரோகிராமைச் சந்தேகப்படத் தொடங்குவியள். சோல்டரிங் அயன் இல்லாட்டி பக்கத்திலை ரீவி றேடியோ திருத்துற கடையிலை குடுத்தா அஞ்சு நிமிசத்து வேலை. பக்கத்துப் பின்னோடை ஈயம் ஒட்டுப்படாமல் இருக்கோ எண்டு வெளிச்சத்திலை பிடிச்சுப் பாருங்கோ. வல்வெட்டித்துறை, குருநகர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ஜம்பர் வயரையும் கவனியுங்கோ, உப்புக் காத்துக்கு அந்த மலிவு வயரின்ர முனை கறள் பிடிச்சிடும், பாக்க நல்லாத் தான் இருக்கும்.

ஊனோ எண்ட ஆர்டுயினோ போர்ட்டுக்கு (ஆர்3) கொழுவுற விதம் இது:

எஸ்டிஏ – 10
எஸ்சிகே – 13
மோசி – 11
மிசோ – 12
ஐஆர்கியூ – ஒண்டும் வேண்டாம், சும்மா விடுங்கோ
கிரவுண்ட் – கிரவுண்ட்
ரீசெட் – 9
3.3 வோல்ட் – 3.3 வோல்ட்

எஸ்டிஏ எண்டு அடிச்சிருக்கிறதைக் கண்டு இது ஐ2சி எண்ட ரெண்டு வயர்த் தொடர்பு எண்டு நினைச்சு ஏ4-இலை கொழுவுற ஆக்கள் கனபேர். சிப்புக்கு ஐ2சியும் தெரியும், ஆனா இந்தப் போர்ட் எஸ்பிஐ எண்ட நாலு வயர்த் தொடர்புக்குத் தான் வயர் பண்ணி வருது, அதிலை எஸ்டிஏ எண்ட கால் எஸ்எஸ் வேலை, அதாவது ஆர்டுயினோ றீடரைத் தெரிஞ்செடுக்கிற வேலை பாக்கும். மெகா எண்ட பெரிய ஆர்டுயினோ போர்ட் எண்டால் மிசோ 50, மோசி 51, எஸ்சிகே 52, எஸ்எஸ் 53, மற்றது அப்பிடியே. ஈதர்நெற் ஷீல்டும் (நெற்வேர்க் வயர் கொழுவ மேலை செருகுற போர்ட்) போடப்போறியள் எண்டால் அது 10-ஐப் பிடிச்சு வைச்சிருக்கும், அதிலை இருக்கிற எஸ்டி காட் 4-ஐப் பிடிச்சு வைச்சிருக்கும், றீடரின்ர எஸ்எஸ்ஸை வேறை பின்னுக்கு மாத்தி புரோகிராமிலையும் மாத்துங்கோ.

கரண்ட் விசயத்திலை பகிடி விடாதையுங்கோ. ஆர்டுயினோவிலை 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்திலை தான் இருக்கு, ஒரு ஓட்டை தள்ளிக் குத்தினாக் காணும். என்ர முதல் றீடர் அப்பிடித் தான் போனது, இரவு பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்திலை 5-இலை குத்திப்போட்டு ஏன் சிப் சுடுது எண்டு தடவிப் பாத்துக்கொண்டு இருந்தனான். குத்த முதல் மல்ரிமீற்றரை வைச்சு ஒருக்கா அளந்துபோட்டுக் குத்துங்கோ.

இன்னொண்டு, ஊனோ அனுப்புற சிக்னலும் 5 வோல்ட் தான். சிப்பின்ர கணக்குப்படி அது கூடுதல். நேராக் கொழுவினாலும் அனேகமா வேலை செய்யும், கனபேர் அப்பிடித் தான் விடுகினம், கண்காட்சிக்கு ரெண்டு நாள் எண்டால் நானும் பேசாமல் விட்டிடுவன். வருசக்கணக்கா ஓடவேண்டியது எண்டால் எஸ்எஸ், எஸ்சிகே, மோசி, ரீசெட் நாலுக்கும் ரெசிஸ்டர் போடுங்கோ: ஊனோவிலையிருந்து 1 கிலோஓம் ஊடா றீடருக்கு, றீடர்ப் பக்கத்திலையிருந்து 2 கிலோஓம் கிரவுண்டுக்கு, 5 வோல்ட் 3.3 ஆகிடும். 2 கிலோ கையிலை இல்லாட்டி ரெண்டு 1 கிலோவைத் தொடரா வையுங்கோ. மிசோவுக்குத் தேவையில்லை, அது றீடரிலையிருந்து வாறது, 3.3-ஐ ஊனோ ஒண்டு எண்டே எடுக்கும். ஊனோவுக்குப் பதிலா இஎஸ்பி32, நோட்எம்சியு போர்ட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை, அதுகள் ரெண்டும் 3.3 தான். ஊனோவின்ர 3.3 கால் 50 மில்லிஅம்பியர் அளவு தான் தரும், றீடருக்குக் காணும், அதிலையே ரிலேயையும் (கரண்டாலை போடுற சுவிச்சு) சேத்துக் கொழுவிப்போட்டு ஏன் காட் வாசிக்கேல்லை எண்டு கேக்கக்கூடாது.

இப்ப தான் கொம்பியூட்டர். ஆர்டுயினோ மென்பொருளின்ர லைபிரரி மனேஜரிலை எம்எஃப்ஆர்சி522 எண்டு தேடி கிட்ஹப் கம்யூனிட்டி போட்டிருக்கிறதை இன்ஸ்டோல் பண்ணுங்கோ. உங்கட புரோகிராம் ஒண்டும் எழுதாமல் முதல் எக்ஸாம்பிள்ஸுக்குள்ளை போய் டம்ப்இன்ஃபோ எண்டதை ஏத்துங்கோ, பின் நம்பர் நாங்கள் கொழுவின மாதிரியே தான் அதிலை இருக்கும். போர்ட் அனுப்புற எழுத்தைக் காட்டுற சீரியல் மொனிற்றரை 9600 வேகத்திலை திறவுங்கோ. மலிவு ஊனோ எண்டால் அதிலை இருக்கிற யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் இல்லாட்டி கொம்பியூட்டரிலை சீரியல் போர்ட் நம்பரே காட்டாது, அதையும் போட்டுக்கொள்ளுங்கோ.

காட்டை வைக்க முதல் மேலை வாற முதல் வரியை வாசியுங்கோ, ஃபேம்வெயர் வேர்சன் எண்டு ஒண்டு வரும். ஒம்பது ஒண்டு (0x91) இல்லாட்டி ஒம்பது ரெண்டு (0x92) வந்தா உங்கட வயர், ஈயம், கரண்ட் எல்லாம் சரி, இனி என்ன பிழைச்சாலும் அது காட்டிலை இல்லாட்டி புரோகிராமிலை. எட்டு எட்டு (0x88) வந்தா அது வேறை கொம்பனி செய்த கொப்பி சிப், அனேகமா வேலை செய்யும். ரெண்டு சைபர், இல்லாட்டி ரெண்டு எஃப் வந்தா ஆர்டுயினோவுக்கு றீடர் இருக்கிறதே தெரியாது, திரும்ப மேலை போய் ஈயத்திலையிருந்து பாத்துக்கொண்டு வாங்கோ. மருமோனுக்கு வந்தது ரெண்டு சைபர். அந்த ஒரு வரியைப் பாத்திருந்தா மூண்டு நாள் மிச்சம்.

சரி வந்தா காட்டை வையுங்கோ, ரெண்டு மூண்டு சென்றிமீற்றருக்குள்ளை. டம்ப்இன்ஃபோ காட் முழுக்க வாசிக்கும், அது முடியும் மட்டும் கையை எடுக்காதையுங்கோ, எடுத்தா நடுவிலை எரர் எண்டு வரும், பயப்பிட ஒண்டுமில்லை. பெட்டியோடை வாறது அனேகமா மைஃபேர் கிளாசிக் 1கே எண்ட வகைக் காட்: 16 செக்டர், ஒவ்வொண்டிலையும் 4 புளொக், ஒரு புளொக்கிலை 16 பைற், எல்லாமா 1024 பைற். செக்டரின்ர கடைசிப் புளொக்கிலை தான் பூட்டுத் திறப்பு மாதிரி கீ ரெண்டும் அனுமதி பிற்றுகளும் இருக்கு. விளங்காமல் அதிலை எழுதிப்போட்டால் அந்த செக்டர் நிரந்தரமாப் பூட்டுப்படலாம், அதாலை எழுதிப் பழகுறது எண்டால் தூக்கி எறியக்கூடிய காட்டிலை பழகுங்கோ.

வரவு பதியுறதுக்கு எழுதவே தேவையில்லை, காட்டின்ர அடையாள நம்பர், யுஐடி எண்டது, காணும், நாலு பைற். இதிலை பெடியள் விட்ட ரெண்டு பிழையைச் சொல்லோணும். ஒண்டு, பைற்றை ஹெக்ஸிலை (16-ஐ அடியாக் கொண்ட எண்) பிரிண்ட் பண்ணேக்கை 16-க்குக் குறைஞ்சதுக்கு முன்னாலை சைபரைச் சேக்கேல்லை, 0ஏ எண்டு வரவேண்டியது வெறும் ஏ எண்டு வந்து, லிஸ்டிலை இருக்கிற பெடியனையே "ஆளைத் தெரியாது" எண்டு துரத்துது. மற்றது, வாசிச்சு முடிய காட்டை நிப்பாட்டுற ஹால்ட் கட்டளை குடுக்கேல்லை, காட்டை அரைச் செக்கன் கூட வைச்சிருந்தா ஒரே ஆள் ஏழெட்டுத் தரம் வகுப்புக்கு வந்து போறான். ஃபோனையும் காட்டாப் பாவிக்கலாம் எண்டு நினைக்காதையுங்கோ, ஃபோன் அனேகமா ஒவ்வொரு தரமும் புது நம்பர் சொல்லும். நேரம் வேணுமெண்டால் ஊனோவுக்கு மணிக்கூடு இல்லை, டிஎஸ்3231 எண்ட மணிக்கூட்டுப் போர்ட் ஒண்டு வாங்கிக் கொழுவுங்கோ.

இந்த யுஐடியை நம்பி வீட்டுக் கதவைப் பூட்டாதையுங்கோ எண்டதையும் சொல்லிப்போடுறன். யுஐடியை மாத்தி எழுதக்கூடிய காட் காசுக்கு வாங்கலாம், உள்ளுக்கை இருக்கிற கிரிப்டோ1 பூட்டும் 2008-லையே உடைச்சுக் காட்டின விசயம். ரியூசன் வரவுக்கு ஓம், நகை அலுமாரிக்கு இல்லை.

எல்லாம் சரி வந்து கடைசியா அக்கா ஒரு பிஸ்கற் ரின்னைக் குடுத்தா, வடிவாக் கிடக்கு இதுக்குள்ளை வைச்சு மூடுங்கோ எண்டு. மூடினோம், காட்டை வைச்சோம், செத்த வீடு மாதிரி ஒரு சத்தமுமில்லை. தகரத்துக்குள்ளாலை இது வாசிக்காது, இரும்புக் கேற்றிலை ஒட்டினாலும் இதே கதை தான். ஃப்ரிட்ஜிலை கிடந்த ஐஸ்கிறீம் டப்பாவைக் கழுவி அதுக்குள்ளை வைச்சுக் குடுத்தனான், மூடியிலை காட்டை வைச்ச உடனை பீப் எண்டுது.