மில்ஸ் கையெறி குண்டின் குறிகள்: சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரித்தானியக் கையெறி குண்டுகளைச் சேகரிப்போரிடையே மிகுதியாகக் கைமாறுவது மில்ஸ் குண்டுதான். வில்லியம் மில்ஸ் பர்மிங்காமில் உருவாக்கிய இக்குண்டை 1915-இல் 5-ஆம் எண் குண்டு என்ற பெயரில் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்டது. பல மாற்றங்களுடன் 1970-களின் தொடக்கம் வரை அது பயன்பாட்டில் இருந்தது. இந்த நீண்ட காலத்தில் பல நாடுகளின் பல தொழிற்சாலைகள் இதன் உறுப்புகளைச் செய்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய குறியைப் பொறித்தது. ஒரு குறி, தான் பொறிக்கப்பட்ட உறுப்பைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்கிறது என்பதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, அடிப்பகுதியில் உள்ள திருகுமூடியைப் படித்துவிட்டு முழுக் குண்டுக்கும் வயது சொல்வது. குண்டின் எண், வடிவ வரிசை, செய்த நிறுவனத்தின் பெயர், மாதமும் ஆண்டும் ஆகியவை பெரும்பாலும் இந்த மூடியில்தான் இருக்கும். ஆனால் அது கழற்றி மாட்டக்கூடிய உறுப்பு. வார்ப்பிரும்பு உடலை ஒரு வார்ப்பாலையும் மூடியை வேறொரு நிறுவனமும் செய்திருப்பது அக்காலத்தில் இயல்பான நடைமுறையே. அதன்பின் நூறாண்டுகளில் வணிகர்களும் சேகரிப்பாளர்களும் எத்தனை முறை மூடியை மாற்றியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. எனவே 1916 என்று மூடியில் இருந்தால், அந்த மூடி 1916-இல் செய்யப்பட்டது என்று மட்டுமே எழுத வேண்டும். உடலில் வார்ப்பாலையின் எழுத்துகள் தனியே இருந்தால் அவற்றையும் தனியே பதிவு செய்ய வேண்டும்.

இந்தக் குழப்பம் பணத்தையும் தொடுகிறது. துப்பாக்கியிலிருந்து தண்டின் உதவியால் ஏவப்பட்ட 23-ஆம் எண் குண்டின் முதல் வடிவத்துக்கு 5-ஆம் எண்ணின் உடலே பயன்பட்டது. தண்டைப் பொருத்துவதற்கான திருகுதுளை மூடியின் நடுவில் இருப்பதே வேறுபாடு. ஒரு மூடியை மாற்றினாலே சாதாரண 5, சற்று அரிய 23 ஆகிவிடும். வாங்குபவர் மூடியின் உலோகம், துருவின் தன்மை, திருகுபுரியின் தேய்மானம் ஆகியவை உடலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது.

எண்களைப் பற்றிய தவறும் பரவலாக உள்ளது. மில்ஸ் குண்டின் பிற்கால வடிவமான 36-ஆம் எண்ணின் ஒரு வகை 36எம். அதில் உள்ள எம், மில்ஸ் என்பதன் சுருக்கம் அன்று. அது மெசபடோமியாவைக் குறிக்கிறது. அந்த வெப்பப் பகுதியில் பயன்படுத்துவதற்காக அரக்குப் பூச்சால் ஈரம் புகாதபடி காக்கப்பட்ட வடிவம் அது. 5, 23 ஆகிய எண்கள் 1918-லேயே வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டன, 36 மட்டும் உள்ள வடிவம் 1932-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது, 36எம் தொடர்ந்தது. ஆகவே 36எம் முதல் வடிவம் என்ற பொறிப்பில் 'முதல்' என்று இருப்பதால் அது தொடக்ககாலப் பொருள் ஆகிவிடாது. இந்தியாவில் 36-ஆம் எண் வடிவம் பிரித்தானியா கைவிட்ட பிறகும் நெடுங்காலம் நீடித்தது. இந்தியப் படைக்கு அதன் இடத்தில் புதிய பல்முறைக் கையெறி குண்டுகள் வழங்கப்படத் தொடங்கியது 2021-இல்தான். 36 என்ற எண்ணைக் கண்டதும் உலகப்போர்க் காலத்துப் பொருள் என்று எழுதுவது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்தே அறியலாம்.

அம்புக்குறி முத்திரையையும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அது அரசுடைமை என்பதைச் சொல்லும் முத்திரையே தவிர, காலத்தையோ செய்தவரையோ சொல்வதில்லை. ஆங்கில எழுத்தான சீயின் உள்ளே அம்பு இருந்தால் கனடா, யூவின் உள்ளே இருந்தால் தென்னாப்பிரிக்கா, இரண்டு டி (D) எழுத்துகளின் நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா என்ற வேறுபாட்டை அறியாதவர்கள் எல்லாவற்றையும் பிரித்தானியப் பொருளாகவே பட்டியலிட்டுவிடுகிறார்கள்.

வண்ணத்தில் நேரும் தவறு உயிரோடு தொடர்புடையது என்பதால் இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். குண்டின் மேற்பகுதியைச் சுற்றிய சிவப்பு வளையம், வெடிமருந்து நிரப்பப்பட்டதைக் குறிக்கும். நடுவில் உள்ள பச்சைப் பட்டை முதல் உலகப்போர்க் காலத்தில் அமட்டால் என்ற மருந்தையும், பிற்காலத்தில் பாரட்டால் என்ற மருந்தையும் குறித்தது. காலம் தெரியாமல் அந்த நிறத்துக்குப் பொருள் சொல்ல முடியாது. அழகுக்காக இவ்வளையங்களைப் புதிதாகத் தீட்டி விற்கப்படும் வெற்று உடல்கள் உண்டு. மண்ணுக்குள் கிடந்து வண்ணம் முழுவதும் உதிர்ந்த, மருந்து நிறைந்த குண்டுகளும் உண்டு. அவை பார்வைக்கு வெறும் துருப்பிடித்த இரும்பே. பயிற்சிக் குண்டுகளுக்கு வெள்ளை பூசும் வழக்கம் இருந்தது. ஆனால் எவரும் எதன்மீதும் வெள்ளை பூசலாம். வண்ணம் இருப்பதையோ இல்லாததையோ வைத்து ஒரு குண்டு பாதுகாப்பானது என்று முடிவு செய்யக் கூடாது. வெடிபொருள் அகற்றும் பயிற்சி பெற்றவர் ஆராய்ந்து சான்றளித்த பொருளை மட்டுமே வாங்க வேண்டும்.

இதே எச்சரிக்கை 76-ஆம் எண் குண்டுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பிரித்தானிய ஊர்க்காவல் படைக்காக இரண்டாம் உலகப்போரில் செய்யப்பட்ட அந்தக் கண்ணாடிப் புட்டியில், காற்றுப் பட்டதும் தீப்பற்றும் வெண்பாஸ்பரஸ் இருக்கிறது. சிவப்பு மூடி கையால் எறிவதற்கானது, பச்சை மூடி நார்த்தோவர் எறிகருவிக்கானது என்பதே அந்நிறங்களின் பொருள். இரண்டில் எதுவும் ஆபத்துக் குறைந்தது அன்று. புதைத்து வைத்து மறக்கப்பட்ட பெட்டிகள் பிரித்தானியாவில் இன்றும் தோண்டும்போது வெளிப்படுகின்றன.

சான்று பெற்ற, வெறுமையான குண்டு கைக்கு வந்த பின்னும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் புது வண்ணம் பூசுவதும் வேண்டா. மென்மையான ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் படமெடுத்தால், தேய்ந்த எழுத்துகளும் நிழலில் தெளிந்து வரும். அடியில் மங்கியிருக்கும் பழைய பட்டையும் அழியாமல் நிற்கும். வயலிலோ பழைய வீட்டின் பரணிலோ தற்செயலாகக் கிடைத்த குண்டைப் பொறுத்தவரை, அதன் குறியைப் படிப்பதற்காக மண்ணைக்கூடத் துடைக்கக் கூடாது. தொடாமல், நகர்த்தாமல், மற்றவர்களையும் விலக்கி நிறுத்திவிட்டு, உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.