பழைய 320டி-யா, பழைய சி220டி-யா: திருநெல்வேலியில் பார்த்து வாங்குவது எப்படி

பாளையங்கோட்டையில் வாகனக் காப்பீட்டு சர்வேயராக வேலை பார்க்கிறேன். மோதின வண்டி, கவிழ்ந்த வண்டி, வெள்ளத்தில் முங்கின வண்டி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து இழப்பை மதிப்பிட்டு எழுதுவதுதான் பிழைப்பு. அதனால் சொந்தத்தில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். சமீபத்தில் களக்காட்டு அத்தான் கூப்பிட்டார். ஒன்று 2017 பிஎம்டபிள்யூ 320டி, இன்னொன்று அதே வருடத்து மெர்சிடிஸ் சி220டி. இரண்டும் டீசல், இரண்டும் ஆட்டோமேட்டிக், இரண்டும் வெள்ளை. விலையிலும் மீட்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "ரெண்டுல எத எடுக்க மாப்ள?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு யூடியூபில் நூறு பதில் இருக்கிறது. எல்லாம் புது வண்டிக்கான பதில்கள். ஏழெட்டு வருடம் ஓடிய வண்டியில் கம்பெனியின் கைவேலையைவிட முந்தைய ஓனரின் கைவேலைதான் அதிகம் தெரியும். ஆகவே மாடலைக் கடைசியில் பாருங்கள். முதலில், விற்பனைக்கு நிற்கிற அந்த ஒரு வண்டியைப் பாருங்கள்.

வண்டியைத் தொடும் முன்னால் காகிதம். எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். டிஎன் 72, 76, 69, 74 என்றால் நம் பக்கத்து வண்டி, விசாரிப்பது சுலபம். டெல்லி, ஹரியானா எண் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதிலிருந்து, வயது நெருங்க நெருங்க அந்தப் பக்கத்து டீசல் வண்டிகள் விலை இறங்கித் தெற்கே வரத் தொடங்கின. விலை சல்லிசாகத் தெரியும். ஆனால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே புது எண் போட்டு, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டினால் அந்தச் சல்லிசில் பாதி போய்விடும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் மும்பை வியாபாரிகள் கொண்டுவரும் எம்ஹெச் வண்டிகளுக்கும் இதே கணக்குதான்.

அடுத்ததாக, விற்பவரிடம் கடைசி மூன்று வருட இன்சூரன்ஸ் பாலிசியின் நகலைக் கேளுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் தொழிலில் முதலில் பார்ப்பதே அதைத்தான். பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் வாங்காமல் இருந்தால் அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். போன வருடம் 45 இருந்து, இந்த வருடம் பூஜ்யம் என்றால் நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கலாம். என்ன கிளெய்ம், எவ்வளவு தொகை, எந்த ஒர்க்‌ஷாப் என்று கேளுங்கள். சிறு கீறலுக்காக வாங்கியிருந்தால் ஒன்றுமில்லை. பதில் வராமல் பேச்சு வேறு பக்கம் போனால் வண்டிக்கு ஒரு கதை இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் போனஸ் ஓனருடையது, வண்டியுடையது இல்லை. பழைய காரில் சேர்த்ததை இந்தக் காருக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அதனால்தான் ஒரே ஒரு பாலிசி போதாது, தொடர்ச்சியாக மூன்று வேண்டும் என்கிறேன்.

இனி வெள்ளம். நம் ஊரில் வண்டி வாங்குபவருக்கு இதைவிட முக்கியமான சோதனை கிடையாது என்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் அதைவிட மோசம். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சென்னையில் மிக்ஜாம் வெள்ளம். இப்படி முங்கிய வண்டிகளில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்குத் தீர்க்கும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, காயவைத்து, சீட் மாற்றி, மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார். சொகுசுக் காரில் இது அதிகம் நடக்கிறது, லாபம் அதில்தான்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் மண் நிறக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, இரும்புத் தண்டவாளத்தின் போல்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தரைக் கார்ப்பெட் வண்டியின் வயதுக்குப் பொருந்தாமல் புத்தம்புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு தெரிகிறதா, வாசனை மருந்து தூக்கலாக அடிக்கிறதா என்றும் கவனியுங்கள். 320டி என்றால் இன்னொரு படி உண்டு. அதன் பேட்டரி பானெட்டுக்குள் கிடையாது, டிக்கியில் தாழ்வாக இருக்கிறது. டிக்கித் தளத்தைத் தூக்கிப் பேட்டரிக் குழியைப் பாருங்கள். அங்கே வண்டலோ, அலுமினியத்தில் வெளுத்த அரிப்போ, ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்போ தெரிந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். சொகுசுக் காரின் மின்னணுப் பெட்டிகள் ஈரம் பட்ட உடனே சாவதில்லை. ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும். அப்போது செலவு செய்யப் போவது நீங்கள்.

மோதலைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பானெட் கீலிலும் ஃபெண்டர் ஓரத்திலும் இருக்கும் போல்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் அச்சிட்ட வருடம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சி-கிளாஸின் பானெட்டும் கதவுகளும் அலுமினியம். காந்தம் ஒட்டவில்லை என்றால் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அலுமினியத்தையும் அளக்கிற பெயின்ட் மீட்டர் உள்ளவரைக் கூட்டிப் போங்கள். உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத் துருவையும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணாச்சி" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், ஆறட்டும் என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுங்கள். இந்த இரண்டு டீசல் எஞ்சினிலும் டைமிங் செயின், அதாவது எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் சங்கிலி, பின்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், பெரிய செலவு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் பின்பக்கமிருந்து கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. 2012 முதல் வந்த 320டி-யில் 184 குதிரைத்திறன் கொண்ட என்47 எஞ்சின், செயின் தொல்லைக்குப் பெயர் பெற்றது. 2016 மாற்றத்துக்குப் பிறகு வந்தது 190 குதிரைத்திறன் பி47, இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மெர்சிடிஸில் 2018 வரை 2143 சிசி, 170 குதிரைத்திறன். அதற்குப் பிறகு 1950 சிசி, 194 குதிரைத்திறன். விலை கட்டுப்படி ஆனால் இரண்டிலும் பிந்தியதை எடுப்பதுதான் நல்லது.

பிறகு ஸ்கேன், அதாவது வண்டியின் கணினிப் பதிவுகளைக் கருவி வைத்துப் படிப்பது. பொதுவான சின்ன ஸ்கேனர் போதாது. அந்தந்தக் கம்பெனிக்கான மென்பொருள் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். மீட்டரைத் திருத்தியவர்கள் எல்லா இடத்திலும் திருத்தியிருக்க மாட்டார்கள், வேறு மின்னணுப் பெட்டிகளிலும் கிலோமீட்டர் பதிந்திருக்கும். பிஎம்டபிள்யூவின் சாவியிலேயே கூட அது பதிவாகும். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்க இதுவும் ஒரு காரணம்.

ஓட்டிப் பார்க்க நம் ஊரிலேயே நல்ல பாதை இருக்கிறது. வெயில் ஏறின பிறகு பதினொரு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் டவுன் ரத வீதியில் ஏசி போட்டபடி ஊர்ந்து போங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றும் நெரிசலில் ஏசி குளிர் குறைகிறதா, கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதைக்கிறதா என்று தெரியும். அப்படியே ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறி நடுச் சரிவில் நின்று எடுங்கள். அப்புறம் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை விடுங்கள். வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, கையை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பணகுடியைத் தாண்டிப் போய் இதைச் சோதிக்க வேண்டாம். ஆரல்வாய்மொழிக் காற்றே வண்டியைத் தள்ளும், ஸ்டியரிங் கோளாறு எது, காற்று எது என்று பிரிக்க முடியாது.

இதிலெல்லாம் இரண்டு வண்டியும் தேறினால் மட்டுமே மாடல் பேச்சு. நீங்களே ஓட்டுபவர், மாதம் இருமுறை சென்னை போகிறவர் என்றால் 320டி. அதன் எட்டு கியரும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவருக்காகவே செய்தவை. அப்பா, அம்மா பின் சீட்டில் வருவார்கள், குற்றாலம், சங்கரன்கோவில் என்று குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் சி220டி, மேடு பள்ளத்தில் அது மென்மை. பிஎம்டபிள்யூவில் பெரும்பாலும் ரன்பிளாட் டயர். பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம், ஆனால் நம் சாலையில் இடுப்பு வரை உதறும். முந்தைய ஓனர் சாதா டயர் மாட்டியிருந்தால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ராத்திரி கயத்தாறு தாண்டி நிற்க நேரிடும். மெர்சிடிஸில் வேறொரு சங்கதி: கியர் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருக்கிறது, நம் மாருதிப் பழக்கத்தில் இண்டிகேட்டர் இருக்கும் இடத்தில். புது டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும் முன் காலி மைதானத்தில் பழக்கிவிடுங்கள்.

சர்வீஸ் தூரத்தையும் இப்போதே யோசியுங்கள். மதுரை என்றாலும் திருவனந்தபுரம் என்றாலும் நமக்குச் சுமார் 150 கிலோமீட்டர். உங்கள் மாடலுக்கு அங்கே பார்ப்பார்களா என்று போனில் உறுதி செய்துகொண்டு, எண்ணெய், பிரேக் செலவுகளுக்கு விலை கேட்டு எழுதி வையுங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால்கூடக் கணினியில் பதிய வேண்டும், தெருமுனைக் கடையில் முடியாது. கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 320டி-யின் கியர்பாக்ஸைச் செய்கிற ஜெட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைத்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

அத்தான் தானே ஓட்டுபவர், அவருக்குப் பொருத்தம் 320டி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த வண்டியின் டிக்கிக் கார்ப்பெட் மட்டும் புதுசு, பேட்டரிக் குழியின் மூலையில் வண்டல் படிந்திருந்தது. விற்பவர் பாலிசி நகல்களையும் காட்டவில்லை. சி220டி-யில் நான்கு டயர் தேய்ந்திருந்தது, ஏசி கொஞ்சம் மந்தம். மற்றபடி காகிதம் சுத்தம், போல்டுகள் சுத்தம். டயர் விலையைக் கழித்துப் பேசி அதை எடுத்தோம்.

வாங்கிய பிறகு ஆர்சியை மட்டும் மாற்றிவிட்டு இன்சூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அது மாறாமல் வண்டி மோதினால் மூன்றாம் நபருக்கான பொறுப்பை நிறுவனம் ஏற்கும், உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் வராது. விற்றவரின் போனஸ் சலுகை உங்களுக்குச் சேராது, வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். அப்போதே எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையையும் கேட்டு வாங்குங்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்து நின்றால் சாதாரண பாலிசி அதை ஏற்காது. வண்டியின் வயதைச் சொல்லி ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றிடம் கேளுங்கள், ஐப்பசி மழை பிறக்கும் முன் அது கையில் இருக்க வேண்டும்.