உளுத்த கட்டையில் கிண்ணக் காளானா? பெயர் கண்டுபிடிப்பது இப்படித்தான்

ஐப்பசி மழை விட்ட மறுநாள், தோட்டத்தில் விழுந்து கிடந்த பலாக்கிளை முழுக்கச் சுண்டுவிரல் நகமளவு இளஞ்சிவப்புக் கிண்ணங்கள். அவற்றின் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. பறிக்கும் முன் படம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காம்பும் முடியும் தெரிவது பக்கவாட்டுப் படத்தில்தான். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் வாங்குங்கள். போனில் மாட்டும் கிளிப் லென்ஸில் ஓரமெல்லாம் கலங்கிவிடும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

2. முடியைப் பாருங்கள். காம்புள்ள கிண்ணம், வெளிப்புறம் முழுக்க நீண்ட முடி: குக்கீனா ட்ரைக்கோலோமா. என் பலாக்கிளையில் இருந்தது இதுதான். விளிம்பையொட்டி மட்டும் குறுமுடி என்றால் குக்கீனா ஸ்பெசியோசாவாக இருக்கலாம். காம்பில்லாத சிவப்புத் தட்டு, விளிம்பில் கண்ணிமை போலக் கருமுடி என்றால் ஸ்குட்டெல்லினியா. கிண்ணத்தோடு கட்டையும் நீலப்பச்சையாக ஊறியிருந்தால் குளோரோசிபோரியா.

3. ஸ்லைடு. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பிளேடால் அரிசியளவு துண்டு வெட்டி வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பழுப்பு மூட்டத்தைத் தவிர எதையும் காணாமல் ஒரு மழைக்காலத்தையே வீணாக்கினேன். லென்ஸ் சரியில்லை என்றுகூட நினைத்தேன். தேவை ஊசிமுனையளவு, அதுவும் கிண்ணத்தின் உட்புறத்திலிருந்து. ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துக் கவர்ஸ்லிப்பை (மெல்லிய சின்னக் கண்ணாடித் தகடு) மூடி, பென்சில் பின்னாலுள்ள ரப்பரால் மெல்லத் தட்டுங்கள். துண்டு பரவி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிய வேண்டும். 400 மடங்கில் நீளநீளமான பைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் எட்டு வித்துகள். குக்கீனாவின் வித்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். பைகள் காலியாகத் தெரிந்தால் கிண்ணம் இன்னும் பிஞ்சாக இருக்கலாம். முற்றியதை எடுத்துப் பாருங்கள்.

4. அயோடின். தண்ணீரில் பார்த்து முடித்த பிறகு, கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு லூகோல் கரைசல் (தண்ணீரில் கரைத்த அயோடின்) விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். பைநுனி நீலமானால் பெசிசா போன்ற இனங்களின் பக்கம் தேடுங்கள். குக்கீனாவும் ஸ்குட்டெல்லினியாவும் நீலமாகாது. பலர் மெல்சர் என்ற இன்னொரு அயோடின் கரைசலைச் சொல்வார்கள். அதில் நச்சுள்ள குளோரல் ஹைட்ரேட் உண்டு. லூகோலில் தெரியும் சில நிறமாற்றங்கள் அதில் தெரியாமலும் போகும். எனக்கு லூகோல்தான்.

பின்சேர்க்கை: "கிண்ணத்துக்குள் முட்டை இருக்கிறது, பையையே காணோம்" என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அது சயாத்தஸ், பறவைக்கூட்டுக் காளான். குடைக்காளானுக்குத்தான் அது உறவு. அந்த 'முட்டை'கள் வித்துப் பொதிகள். மழைத்துளி விழும் வேகத்தில் வெளியே தெறிக்கும். அதில் வித்துப்பை இருக்கவே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று: கொண்டுவருவதற்குள் கிண்ணங்கள் அழுகிவிடுவதாக இருவர் எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஒட்டியிருக்கும் மரத்துண்டோடு பெயர்த்து, ஈரப்பாசி விரித்த சின்ன டப்பாவில் வையுங்கள். எந்த மரம், என்ன தேதி என்று அங்கேயே எழுதி உள்ளே போடுங்கள்.